எங்கள் வீட்டின் இரண்டாவது காக்கி

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் பொண்ணு எஸ்.ஐ. ஆயிருக்கு. நம்ம காலேஜ்ல படிச்ச புள்ள. பெத்தவன்ங்கிற முறையில பத்து நிமிஷம் பேசு" என்றார். "ஏம்ப்பா, நான் தபால்காரன். எனக்குக் கடிதாசியக் கொடுத்துத்தான் பழக்கம், மைக்ல பேசிப் பழக்கமில்லையே" என்றேன். அவர் விடவில்லை. அதனால் உங்கள் முன் நிற்கிறேன். பிழையிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் இங்கே 1981 முதல் 1984 வரை பி.ஏ. வரலாறு படித்தேன். ஆறு வருஷம் வேலை தேடி அலைந்து, 1990-இல் தபால்காரனாகச் சேர்ந்தேன். 2023-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்து மூன்று வருஷம் நான் போட்டதும் காக்கிதான். ஆகவே என் மகள் போட்டிருப்பது எங்கள் வீட்டின் இரண்டாவது காக்கி. ஒரே நிறம்தான் என்றாலும் ஒரு வித்தியாசம் உண்டு. என் காக்கியைக் கண்டால் தெருவில் குழந்தைகள் ஓடி வரும். அந்தக் காக்கியைக் கண்டால் ஓடிப் போகும்!

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தை இத்தனை நாள் நான் வெளியில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

1984. நான் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த நேரம். அப்பாவின் சைக்கிள் களவு போய்விட்டது. இரண்டு ஆட்டை விற்று வாங்கிய சைக்கிள் அது. புகார் எழுதிக் கொடுக்க நானும் அவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். வாசலிலேயே அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டார். கோயிலில்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் போவார். காலை பத்து மணிக்கு நின்றவர்கள், விளக்கு வைக்கும் வரை நின்றோம். பேப்பர் வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கி வந்தேன். டீ வாங்கி வரச் சொன்னார்கள், அதையும் செய்தேன். புகாரை மட்டும் வாங்கவில்லை. "காலைலேருந்து நிக்கிறோம்யா" என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். "நின்னா என்ன, கால் தேஞ்சா போச்சு?" என்று பதில் வந்தது. திரும்பி நடக்கும்போது பாதி வழி வரை அவர் செருப்பைப் போடவே இல்லை. சைக்கிள் போனதைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அதற்குப் பிறகு, ஸ்டேஷனுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தால் கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவேன். ஆனால் ஒரு நிமிஷம்கூட அதிகம் நின்றதில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பெண் பிள்ளை, 2019-இல் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பைக் கையில் வைத்துக் கொண்டு, "அப்பா, எஸ்.ஐ. பரீட்சை எழுதப் போறேன்" என்றால் எப்படி இருக்கும்? நான் ஒத்துக் கொள்ளவில்லை. ராத்திரி வேலை, கல்யாணம் என்று ஊரார் சொல்லும் காரணங்களையெல்லாம் நானும் சொன்னேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மைத்துனர் வந்து, "மாமா, போலீஸ்காரப் பொண்ண எவன் கட்டுவான்?" என்றார். அதற்கு என் மனைவிதான் பதில் சொன்னாள்: "பயப்படாதவன் கட்டுவான், நீ காப்பியக் குடி!"

உயரம் 159 சென்டிமீட்டர் வேண்டும் என்று விதி. கதவு நிலையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். தேறினாள். 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும். இதோ, இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில்தான் விடியற்காலை ஓடிப் பழகினாள். வேண்டாமென்று சொன்ன நான்தான் சைக்கிளில் கூடவே வந்து, டார்ச் லைட்டும் கைக்கடிகாரமுமாக நின்றேன். அப்பன் மனசு அப்படித்தான் இருக்கும் போல.

மாணவிகள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973-இல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர்கள், ஆக மொத்தம் 22 பேர். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-இல் திருமதி லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். 2023-இல் பெண் காவலர்களுக்குப் பொன்விழாவே எடுத்தார்கள். அந்த 22 பேர் போட்ட பாதையில்தான் என் மகளும் நடந்தாள்.

வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் இருக்கும் போலீஸ் அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி. நிறைவு அணிவகுப்புக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். அத்தனை பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை. எனக்கு மகளை அடையாளமே தெரியவில்லை. மனைவிதான், "அதோ, மூணாவது வரிசை, இடது பக்கம்" என்று காட்டினாள். தோளில் இரண்டு நட்சத்திரம். "மூணா வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "அது இன்ஸ்பெக்டருக்குடி, கொஞ்சம் பொறு" என்றேன். ஊருக்கு வந்தால் டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நான் சொல்ல வந்த பெருமை அது இல்லை.

பணியில் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் என்னோடு போனில் பேசிக் கொண்டிருந்தாள். நடுவில் யாரோ வந்தார்கள். போனை வைக்காமலே அவர்களிடம் திரும்பினாள். "யோவ், எத்தன தடவ சொல்றது? வெளிய போய் நில்லுய்யா!" என் மகளின் குரல். அதற்கு ஒரு வயதான குரல், "காலைலேருந்து நிக்கிறேம்மா" என்றது.

போனை வைத்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை. அப்பாவின் கக்கத்துச் செருப்புதான் கண்ணில் நின்றது. ஸ்டேஷன் உள்ளே உட்கார்ந்திருப்பது இப்போது என் பெண் அல்லவா? இரண்டு நாள் அவள் போனை நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்து அவளே வந்துவிட்டாள். "மூணு நாளா பந்தோபஸ்து, தூக்கமில்லப்பா. ஏதோ வாயில வந்துடுச்சு" என்றாள். அது பொய்யில்லை. அந்த வேலையின் கஷ்டம் நமக்குத் தெரியாது. ஆனாலும் அன்றுதான் அவள் தாத்தாவின் கதையைச் சொன்னேன். கேட்டாள். ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டும் சாப்பிடாமலும் கிளம்பிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "அந்தப் பெரியவரக் கூப்பிட்டு மனுவ வாங்கி ரசீது கொடுத்துட்டேன்ப்பா. நான் பேசினது தப்புன்னும் சொன்னேன். அவரு பயந்துட்டாரு, 'எதுக்கும்மா இதெல்லாம்'னு கைய கும்புடுறாரு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: "அவரும் செருப்ப வாசல்லயே விட்டுட்டுத்தான்ப்பா வந்தாரு. நான் இத்தன நாளா கவனிக்கல. இப்பல்லாம், போட்டுக்கிட்டே வாங்கன்னு சொல்றேன்."

அணிவகுப்பு அன்று நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் போனுக்குப் பிறகு அது நிறைந்தது. இனி அவள் யாரையும் அதட்டவே மாட்டாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தப்பைத் தப்பு என்று ஒத்துக் கொள்ளத் தெரிந்த பிள்ளை என்று மட்டும் சொல்வேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை இந்தக் காக்கியைப் போடுவீர்கள். ஒரு தபால்காரனாக ஒன்று சொல்கிறேன். தபாலை நாங்கள் முகவரி பார்த்துக் கொடுப்போம், முகம் பார்த்துக் கொடுப்பதில்லை. மாடி வீடோ குடிசையோ, கையெழுத்து வாங்கி ஒப்படைப்போம். புகாரும் அப்படித்தான். காக்கி போடாத மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பழைய சட்டத்திலும் இது உண்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் உண்டு. கேட்டு வாங்குங்கள். எங்கள் அப்பாவுக்கு அது தெரியாது. பி.ஏ. படித்துக் கொண்டிருந்த எனக்கும் அன்று தெரியாது.

கதவு நிலையில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரிடம், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.