கூடைக்குள் விழ வேண்டியது



மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் முன்னால் ஒரு மலையே விரிந்து கிடக்கிறது; செடி நிறைய இலைகள். ஆயினும் அவள் விரல்கள் தேடுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். முற்றல் இலை கூடையில் விழுந்தால் நிறுவையின்போது ஏச்சு வாங்க வேண்டும். எதை விடுவது என்று தெரிந்த கைக்கே நல்ல கொழுந்து சேரும்.

அப்படிக் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்த ஒருத்தியின் மகன் நான். ஆனால் இந்தப் பாடத்தைப் பிந்தித்தான் கற்றேன்.

ஹட்டன் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். காலையில் பாடசாலை, பின்னேரம் பிரத்தியேக வகுப்பு, இரவில் விடைத்தாள். இடையிடையே தமிழ்த் தினப் போட்டி, சங்கக் கூட்டம், கல்யாணம், கருமாதி. எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. லயத்தில் இருந்த அம்மா தாலாட்டும் ஒப்பாரியும் உருக்கமாகப் பாடுவார். எழுதி வைக்கவென்று ஒரு கொப்பி வாங்கினேன்.

"அடுத்த லீவுல வந்து எழுதிக்கிறேம்மா" என்பேன்.

"ஒனக்கு எங்க சாமி நேரம்? பாட்டு எங்கயும் ஓடிப் போயிறாது" என்பார்.

அம்மாவின் கருமாதி முடிந்த இரவு கொப்பியைத் திறந்தேன். அதில் நான்கே வரிகள் இருந்தன.

அதன் பிறகுதான் சி. வி. வேலுப்பிள்ளையை மறுபடியும் படித்தேன். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, அதையடுத்து வாக்குரிமையும் பறிபோனது. தம் மக்கள் நாடற்றவராய் நின்ற காலத்தில் தொழிற்சங்கப் பணியில் உழன்றவர் அவர். என் கூட்டங்களையும் விடைத்தாள்களையும் அந்தச் சுமையோடு ஒப்பிடவே வெட்கமாக இருக்கிறது. அதற்கிடையில் கவிதையும் நாவலும் எழுதினார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 1984இல் மறைந்தார். பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன. அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. உரிமைக்குக் குரல் கொடுப்பதைப் போலவே பாட்டைக் காப்பதையும் தம் வேலையாகக் கருதியிருக்கிறார்.

இப்போது நான் இரண்டு சங்கங்களிலிருந்து விலகிவிட்டேன். நண்பர் சிலருக்கு மனத்தாங்கல்தான். ஞாயிறு பின்னேரம் வகுப்பும் இல்லை. அந்த நேரத்தில், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒரு பாட்டியின் லயத்துக்குப் போகிறேன். அவருக்குக் காது மந்தம், பாட்டு மறக்கவில்லை. போன மாதம் அம்மாவின் தாலாட்டு ஒன்றில் பாதியைப் பாடினார். மீதி யாரிடமும் இல்லை.

நேயர்களே, எல்லா வேலையும் முடிந்தபின் என்று நீங்களும் எதையாவது ஒதுக்கி வைத்திருப்பீர்கள். மலை முழுவதையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்தவர் எவருமில்லை. இன்றைய கூடையில் எது விழ வேண்டும் என்பதை மட்டும் இன்றே தீர்மானியுங்கள்.