நாய்ஸ்னு தூக்கிப் போட்டது எங்கே போகுது?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு டேட்டாவை சுத்தம் பண்ணிட்டு இருந்தேன். எந்தப் பேட்டர்னுக்கும் அடங்காத வரிகளை ‘நாய்ஸ்’னு சொல்லி யோசிக்காம தூக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி படிச்ச ஒரு ஆராய்ச்சி தூங்க விடல. அதுதான் இன்னைக்கு எபிசோடு.

மூளை ஆராய்ச்சியில ஒரு பழைய தலைவலி உண்டு. சுண்டெலிக்கு ஒரே படத்தைப் பத்து தடவை காட்டுங்க. பத்து தடவையும் அதோட நியூரான்கள் வேற வேற மாதிரி பதில் சொல்லும். இந்த வித்தியாசத்தை நாய்ஸ்னு எடுத்துக்கிட்டு, சராசரி போட்டு நகர்ந்துடறது வழக்கம்.

2019-ல் கார்சன் ஸ்ட்ரிங்கர், மாரியஸ் பச்சிடாரியு குழு, எலி மூளையில பார்வைக்கான பகுதியில 10,000-க்கும் மேற்பட்ட நியூரான்களை ஒரே நேரத்துல பதிவு பண்ணாங்க. கூடவே எலியோட முகத்துக்கு ஒரு கேமரா. சுத்தி இருட்டு, பார்க்க ஒண்ணுமே இல்ல. ஆனாலும் நியூரான்கள் ஓயல. மீசை, மூக்கு அசைவுகளை எண்களா சுருக்கி மாடலுக்குக் கொடுத்தாங்க. நாய்ஸ்னு நினைச்சதுல கணிசமான பகுதியை அந்த முகத்தை வச்சே கணிக்க முடிஞ்சது!

அதே வருஷம் ஆன் சர்ச்லேண்ட் ஆய்வகத்திலிருந்து இன்னொரு ஆய்வு. முடிவெடுக்கப் பழக்கின எலிகள். கொடுத்த வேலையை விட, யாரும் கேட்காம எலி தானா செய்யுற அசைவுகள்தான் மூளைச் செயல்பாட்டை அதிகமா விளக்கிச்சு. மாடல்? நாம காலேஜ்ல படிச்ச லீனியர் ரெக்ரஷன் குடும்பம்தான்.

ஆனா ஒரு எச்சரிக்கை. மாடல் சரியா கணிக்குதுன்னா காரணம் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நியூரான் மீசையை ஆட்டுதா, மீசை ஆடின செய்தி நியூரானுக்கு வருதா? அதுக்கு, ஒளியால் கட்டுப்படுற மாதிரி மரபணு மாற்றின நியூரான்களை அணைச்சுப் பார்க்கணும். நடத்தை மாறுதான்னு கவனிக்கணும். மாடல் எங்கே தேடணும்னு சொல்லும். பதிலைச் சோதனைதான் சொல்லும்.

திங்கட்கிழமை பேக்கப்பிலிருந்து என் வரிகளை மீட்டேன். பெரும்பாலும் குப்பைதான். ஆனா ஒரு கொத்து மட்டும் தினமும் ராத்திரி 2 மணிக்கே வந்திருக்கு. ஏன்னு இன்னும் தேடிட்டு இருக்கேன்.

நீங்க நாய்ஸ்னு தூக்கிப் போட்டது ஏதாவது உண்டா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!