நான் மோட்டாரை எரித்த கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2012-ஆம் ஆண்டு இக்கல்லூரியின் மின்னியல் துறையில் பட்டம் பெற்றவன். பொழிச்சலூர்வாசி. பகலில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர்; இரவில் யூடியூபில் வீடியோ போடுகிறவன். "சேனல் ஆரம்பிக்கிற பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். அறிவுரை சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2020 ஊரடங்கின்போது சேனல் தொடங்கினேன். முதல் வீடியோவின் தலைப்பு, 'நீரில் மூழ்கிய மின்மோட்டாரைப் பராமரிக்கும் முறை'. கரும்பலகை, படம், சூத்திரம் எல்லாம் உண்டு. சுத்தமான மேடைத் தமிழ். பார்த்தவர்கள் அறுபது பேர். பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் வழி தவறி வந்தவர்கள். (சிரிப்பு)

என் மனைவிதான் சொன்னாள்: "நீங்க மோட்டாரை எரிச்ச கதையைச் சொல்லுங்களேன். எங்கிட்ட பத்து தடவை சொல்லிட்டீங்க. கேமரா முன்னாடி மட்டும் ஏன் வாத்தியார் மாதிரி பேசறீங்க?"

அந்தக் கதை இதுதான். 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொள்ள, அடையாறு கரை புரண்டது. பொழிச்சலூர், அனகாபுத்தூர், முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வெள்ளம் வடிந்து, சில நாட்கள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. வீடு முழுக்கச் சேறு. கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நேரே போய் மோட்டார் ஸ்விட்சில் கை வைத்தேன். "இருடா, காய வெச்சுட்டுப் போடலாம்" என்றார் அப்பா. "எனக்குத் தெரியும்ப்பா, நான் படிச்சிருக்கேன்" என்றேன். ஒரு உறுமல், ஒரு கருகல் வாடை. பத்தே விநாடியில் காயில் போச்சு!

காயில் கட்டும் கடையில் அந்த அண்ணன் மோட்டாரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தம்பி என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "மெக்கானிக்கல்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார். (பலத்த சிரிப்பு) மெக்கானிக்கல் துறை நண்பர்கள் மன்னிக்க வேண்டும்! மோட்டார் திரும்பி வரும்வரை அம்மா தெருமுனை லாரியில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துத் தூக்கினார்.

இதை அப்படியே, வீட்டில் பேசுகிற தமிழில் சொன்னேன். கடைசி இரண்டு நிமிடம்தான் பாடம். மோட்டாரைக் கழற்றித் துடை. நன்றாகக் காய வை. மெக்கர் வைத்துப் பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஸ்விட்ச் பக்கமே போகாதே. அறுபது பேர் பார்த்த அதே பாடம்தான். இந்த முறை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். கடலூர்க்காரர் ஒருவர் தன் வீட்டு கிரைண்டரை எரித்த கதையை எழுதினார். ஒரு எலெக்ட்ரீஷியன், "பேரிங்குல சேறு போயிருக்கும், அதையும் மாத்தச் சொல்லுங்க" என்று என்னைத் திருத்தினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவனிடம்தான் ஜனங்கள் பேச வருகிறார்கள்.

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ எது தெரியுமா? 2005 ஏப்ரல் 23-ஆம் தேதி, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் மிருகக்காட்சி சாலையில் யானைகள் முன் நின்று பேசிய 19 விநாடிப் படம். அவ்வளவுதான். நம் ஊருக்கு வாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்மாரும் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அதுதான். வயல்வெளி, அம்மி, விறகடுப்பு, தங்கள் ஊர்ப் பேச்சு. எதையும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் முன்னோடி உண்டு. இடைசெவல் கி.ராஜநாராயணன் கரிசல்காட்டு ஜனங்கள் பேசுகிற மொழியிலேயே கதை சொன்னார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. சொந்த மண்ணின் கதை ஊர் தாண்டிப் போகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி, இரண்டாவது சம்பவம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

மோட்டார் கதை ஓடியதும் எனக்கு ருசி கண்டுவிட்டது. "அழ வெச்சா இன்னும் ஓடும்" என்றான் ஒரு நண்பன். பழைய போனில் ஒரு காட்சி இருந்தது. வெள்ளம் வடிந்த அன்று, நனைந்து ஒட்டிப்போன கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அழுத காட்சி. ஒரு சோக இசையைச் சேர்த்துப் போட்டுவிட்டேன். மோட்டாரைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை. எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை கூட்டம் நெரியும். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்து, "ஆல்பத்துக்கு அழுதீங்களே, அந்த அம்மா நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "டேய், அன்னைக்கு நான் உன் முன்னால அழுதேன். ஊர் முன்னால அழலை" என்றார்.

அன்றிரவே வீடியோவை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யாரோ பதிவிறக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. அம்மா இப்போதெல்லாம் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத்தான் கோயிலுக்குப் போகிறார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தப்புதான். இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவரைக் கேட்காமல் ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவை எரிந்தது செம்புக் கம்பி. பணம் கொடுத்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.

தம்பி தங்கைகளே! கதை சொல்லுங்கள். உங்கள் தெருப் பெயரோடு, உங்கள் வீட்டுப் பேச்சோடு சொல்லுங்கள். நீங்கள் அசடு வழிந்த இடத்தை மறைக்காதீர்கள். அது உங்கள் சொந்தச் சரக்கு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கேட்பவர் கையில் உபயோகமாக ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் அந்தக் கதைக்குள் அப்பாவோ, அம்மாவோ, தோழியோ வருகிறார்களா? முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால், எத்தனை லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்த உரையையும் நேற்றிரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இதைச் சொல்லு. நாலு பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் உங்கள் முன் நின்றேன்.