ஓவியமும் பூட்டிய அலமாரியும்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை: இந்த எபிசோடில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிய பேச்சு வருகிறது. கேட்கச் சங்கடமா இருந்தா இதைத் தாண்டிப் போயிடுங்க.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஃபில்மான்ட் என்று ஒரு பெரிய முகாம் நிலம் இருக்கு. வெய்ட் பிலிப்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் 1938லயும் 1941லயும் சாரணர்களுக்குத் தானமா கொடுத்த இடம். அமெரிக்க சாரணர் இயக்கத்தின் தேசிய அருங்காட்சியகம் 2018லிருந்து அங்கேதான் இயங்குது. அதுக்கு முன்னாடி நியூ ஜெர்சி, கென்டக்கி, டெக்சாஸ்னு மூட்டை கட்டி ஊர் ஊரா நகர்ந்த மியூசியம் அது.

டெக்சாஸில் இருந்தப்போ அங்கே கூட்டத்தை இழுத்தது நார்மன் ராக்வெல்லின் ஓவியங்கள். 19 வயசுலயே சாரணர் பத்திரிகையான 'பாய்ஸ் லைஃப்'ல கலை ஆசிரியரானவர் ராக்வெல். 1925ல தொடங்கி சுமார் அரை நூற்றாண்டு சாரணர் காலண்டருக்குப் படம் வரைஞ்சார். 'ஸ்கவுட் மாஸ்டர்' என்று ஒரு படம். ராத்திரி, அணையப்போகிற நெருப்பு, கூடாரங்களுக்குள்ள தூங்குற பசங்க, பக்கத்துல காவலா நிக்கிற ஒரு பெரியவர். 'உங்க பிள்ளையை எங்ககிட்ட நம்பி விடலாம்' என்று அந்தப் படம் பெற்றோருக்குச் சொன்னது.

இப்போ இன்னொரு ஆவணக் காப்பகத்துக்கு வருவோம். பிள்ளைகளிடம் தவறாக நடந்ததாகப் புகார் வந்த தலைவர்களைப் பற்றித் தலைமையகம் பல பத்தாண்டுகளாக ரகசியக் கோப்புகள் வச்சிருந்தது. அவங்க மறுபடி இயக்கத்துக்குள்ள வராம தடுக்கத்தான் அந்தக் கோப்புகள். ஆனா பல புகார்கள் போலீஸுக்குப் போகவே இல்லை. ஆரிகன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்குக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவால் 2012ல 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன.

2020 பிப்ரவரியில் இயக்கம் திவால் மனு போட்டது. இழப்பீடு கேட்டு வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 82,000க்கும் மேல. பலர் ஐம்பது, அறுபது வயசு தாண்டினவங்க. கடைசியில் சுமார் 240 கோடி டாலருக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுல ஒரு பகுதியா, ராக்வெல் படங்கள் உட்பட 300க்கும் மேற்பட்ட ஓவியங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கான அறக்கட்டளைக்குப் போயின. 2024 நவம்பரில் டாலஸ் நகரத்தில் முதல் ஏலம் நடந்தது.

அந்த மொத்தத் தொகையில் ஓவியப் பணம் ரொம்பச் சின்னத் துளிதான். ஆனாலும் யோசிச்சுப் பாருங்க: நம்பிக்கையை விளம்பரம் செஞ்ச அதே படங்களை வித்துத்தான் அந்த நம்பிக்கையை உடைச்சதுக்கான கடனைக் கட்ட வேண்டி வந்தது.

'நல்ல படங்கள் போச்சே'ன்னு வருத்தப்படுறவங்க இருக்காங்க. எனக்கும் அந்த ஓவியங்கள் பிடிக்கும். ஆனா வித்தது சரின்னுதான் சொல்வேன். ஒரு இயக்கத்தின் வரலாறு கண்ணாடிப் பெட்டியில் வச்ச பேட்ஜும் காலண்டரும் மட்டும் இல்லை. பூட்டிய அலமாரிக்குள்ள இருந்த கோப்பும் வரலாறுதான். காட்டுக்குள்ள நிஜமாவே சந்தோஷமா வளர்ந்த லட்சக்கணக்கான பசங்களும் அதே வரலாறுதான். மூணையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கிற தைரியம் இருந்தாத்தான் அதை முழு மியூசியம்னு நான் சொல்வேன்.

நீங்க அடுத்த தடவை எந்த அமைப்போட மியூசியத்துக்குப் போனாலும், 'இங்கே எதை வைக்கல?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.