படத்தில் ஒரு பவுன்



மயிலாப்பூரில் பாட்டியார் கழுத்தில் கிடந்த காசுமாலையிலிருந்து பேத்தியின் பங்குக்கு வந்த ஒற்றைப் பவுனை, தியாகராய நகரில் எடைக்குக் கொடுத்துப் புதுநகை வாங்கப் புறப்படுமுன், கைப்பேசியில் இருபுறமும் படம்பிடித்து, நாணயக் கலையில் பழக்கமுள்ள ஒருவருக்கு அனுப்பி, அதன் தரம் என்னவென்று கேட்பவர்கள் இன்று உண்டு. படத்தை மட்டுமே கொண்டு தரத்தை ஊகித்துரைக்கும் அந்தக் கலை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இன்றைய விஷயம்.

உதாரணமாக 1918ஆம் ஆண்டுச் சவரனை எடுத்துக்கொள்வோம். 22 காரட் பொன், எடை 7.988 கிராம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம், பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி வடித்து 1817இல் சவரனில் இடம்பெற்ற, குதிரைமேலிருந்து டிராகனை வதைக்கும் புனித ஜார்ஜின் உருவம். குதிரையின் கீழே தரைக்கோட்டில், ஆண்டுக்குச் சற்று மேலே, 'I' என்ற சிறிய ஆங்கில எழுத்து தென்பட்டால் அது பம்பாயில் அச்சானது. பம்பாயில் அச்சான சவரன்கள் தாங்கிய ஆண்டு அந்த 1918 ஒன்றுதான்.

தேய்மானம் எப்போதும் மேட்டிலேதான் தொடங்குகிறது. ஆகையால் பரீட்சிப்பவரின் பார்வை முதலில் மன்னரின் காதுக்கு மேலுள்ள கேசத்துக்கும் தாடிக்கும், பிறகு வீரனின் தலைக்கவசத்துக்கும் குதிரையின் தோளுக்கும் செல்லும். கேசத்தின் இழைகள் தனித்தனியே நிற்குமாயின் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றும், அவை ஒன்றோடொன்று கலந்து மழுங்கியிருப்பின் 'வெரி ஃபைன்' என்றும் ஒருவாறு சொல்லிவிடலாம். இவற்றை நல்ல படம் தெளிவாகவே காட்டும். இதில் இக்கலை நம் நம்பிக்கைக்குப் பூரணமாகப் பாத்திரமானது.

ஆயினும் நம் வீட்டுக் காசுகளில் விளிம்பைப் பாராமல் தரம் சொல்லலாகாது. மாலையில் கோப்பதற்காகப் பத்தர் பொடிவைத்து ஊதிப் பற்றவைத்த வளையத்தை எவ்வளவு நேர்த்தியாக நீக்கினாலும், அவ்விடத்தில் ஒரு நிறபேதமோ அரம் போட்ட தழும்போ எஞ்சியிருக்கும். அந்தத் தழும்புள்ள காசு, மற்ற அம்சங்களில் எத்துணைச் சிறந்ததாயினும், சேகரிப்பவர் மதிப்பில் தாழ்ந்தே போகும். ஆகவே விளிம்பையும் சுற்றிலும் படமெடுத்து அனுப்பாதவரிடம் அதைக் கேட்டு வாங்குவது மதிப்பிடுபவரின் முதற்கடமை.

படத்துக்கு அகப்படாதது ஒன்றுண்டு. புழங்காத காசைச் சாய்க்கச் சாய்க்க, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் அதன்மேல் ஒளி சுழன்றோடும். அசையாத படத்தில் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. மெருகேற்றிய காசின் செயற்கைப் பளபளப்பும் அச்சிலிருந்து பிறந்த இயற்கை ஒளியும் அங்கே ஒன்றுபோலவே தோன்றும். நேரே விழும் வெளிச்சம் மெல்லிய கீறல்களை மறைத்துவிடும். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சமோ அற்பக் கீறலையும் பெரிதாக்கிக் காட்டும். 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக ஷெல்டன் வகுத்த, 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இன்று பொற்காசுகளுக்கும் வழங்குகிறது. அதில் 60 முதல் மேலுள்ள படிகள் யாவும் புழங்காத காசுகளுக்கே உரியவை. அப்படிகளின் நுண்ணிய பேதத்தைப் படத்தைக்கொண்டு அறுதியிடுவது சாஹஸமேயன்றி சாஸ்திரமன்று.

சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் வெளியிட்ட நட்சத்திர வராகனிலோ சங்கடம் வேறுவிதமானது. கையால் அடித்த அந்தச் சிறு காசில் தெய்வ உருவம் பிறக்கும்போதே அரைகுறையாய்ப் பதிந்திருக்கலாம். அதைத் தேய்மானம் என்று கொள்வது அக்காசுக்கு இழைக்கும் அநீதியாகும். உருவம் மங்கிய இடத்துக்கு அருகில் மற்றப் பகுதிகள் கூர்மையாக நின்றால், குறை அச்சினுடையதேயன்றிக் காலத்தினுடையதன்று என்று உணரலாம்.

எனவே நல்ல மதிப்பீட்டாளர் ஒரே படியை அடித்துச் சொல்லாமல், இன்ன படிக்கும் இன்ன படிக்கும் இடையே என்று கூறி, எடையும் ஒளியும் கையில் வாங்கிப் பார்த்த பிறகே முடிவாகும் என்று நிறுத்திக்கொள்வார். அந்த நிதானத்தோடு நடக்குமிடத்து இது பெரிதும் உபகாரமான கலை. ஏனெனில் தராசுக்குத் தெரிவது எடை ஒன்றே, உருக்குமூசைக்குள் போன காசோ மீளாது. அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படத்தில் பளிச்சென்று தெரியவேண்டுமென்று பூந்திக்கொட்டை நீரிலோ பற்பொடியிலோ காசைத் தேய்க்காதீர்கள், இருந்தபடியே, சாய்வான பகலொளியில், மூன்று கோணங்களில் படமெடுத்து அனுப்புங்கள்.