வரிக்கு வரி



எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதியில் ஆழம் குறைவு. ஆகவே அங்கே கழி ஊன்றித் தோணியைத் தள்ளுவர். கடலிலோ துடுப்புப் போடுவர். கடலுக்குச் செல்லும் என் மாமன், ஏரித் தோணியில் ஏறுமுன் துடுப்பைக் கரையிலே வைத்துவிடுவார். அச்செயலின் பொருள் எனக்கு விளங்கியது கணிப்பொறியின் முன் அமர்ந்த பிறகே.

1984-85-இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாகப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பிபிசி மைக்ரோ கணிப்பொறிகளை வழங்கியது. அத்தகைய பொறி ஒன்றில், திரை நிறைய நீந்தும் மீன்களை வலையால் பிடிக்கும் விளையாட்டொன்றை எழுதினேன். செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் குறிக்கும் அசெம்பிளி மொழியிலே அது அமைந்தது. பின்னர் நண்பர் ஒருவரின் ஸ்பெக்ட்ரம் பொறிக்கு அதனை மாற்ற முனைந்தேன். முன்னதன் செயலி 6502. வினாடிக்கு 20 லட்சம் துடிப்பு. பின்னதன் செயலி இசட்-80; வினாடிக்கு 35 லட்சம் துடிப்பு. ஆகவே மீன்கள் பாய்ந்தோடும் என்று பலர்முன் பெருமை பேசினேன். வரிக்கு வரி மாற்றி ஓட்டினேன், மீன்கள் ஊர்ந்தன. நாணித் தலைகுனிந்தேன்.

காரணம் யாது? செயலிக்குள் எண்களை ஏந்தும் சிற்றறைகளுக்குப் பதிவகங்கள் என்று பெயர். கணக்கிட உதவும் பதிவகங்கள் 6502-இல் மூன்றே. அக்குறையை ஈடுசெய்ய, நினைவகத்தின் முதல் 256 அறைகளை அது விரைவில் எட்டும். அங்கிருந்து ஓர் எண்ணை எடுக்க 3 துடிப்பு, அதாவது ஒன்றரை மைக்ரோ வினாடி போதும். இசட்-80 நினைவகத்திலிருந்து நேரே ஓர் எண்ணை எடுக்க 13 துடிப்பு, ஏறத்தாழ 3.7 மைக்ரோ வினாடி வேண்டும். ஆனால் அதற்குப் பதிவகங்கள் மிகுதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணை மாற்ற 4 துடிப்பே. நானோ ஒவ்வோர் எண்ணுக்கும் நினைவகத்தையே நாடினேன். ஏரியிலே துடுப்புப் போட்டேன்!

எழுதியதை ஒதுக்கினேன். விளையாட்டின் விதிகளை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, அடிக்கடி வேண்டும் எண்களைப் பதிவகங்களில் இருத்திப் புதிதாக எழுதினேன். மீன்கள் துள்ளின.

பிபிசி மைக்ரோவில் 1984-இல் வெளிவந்த ‘எலைட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு, மறு ஆண்டே ஸ்பெக்ட்ரத்திலும் வந்தது. அதனை மாற்றியவர்கள் முன்னும் இதே இரு செயலிகள்தாம் நின்றன.

நண்பர்களே, ஒன்றை வேறோர் இடத்திற்குக் கொண்டுசெல்லும்போது அதன் நோக்கத்தைக் கொண்டுசெல்லுங்கள். வழியை அவ்விடமே சொல்லும்.