கடை வாசலில் ஒரு மரம்

அலுவல் நிமித்தம் அயல் மாநிலத்தில் குடியேறுவோருக்கு முதலில் உறவு சொல்லி வருவன மரங்களே எனலாம். ஐதராபாத்தின் வடபகுதியாகிய அல்வாலில் நாம் குடிபுகுந்த நாளில், தெருமுனைக் கடை வாசலில் முதிர்ந்த வேம்பு ஒன்று நின்றது. "வேப்ப செட்டு" என்றார் கடைக்காரர். தெலுங்கு அறியாத நமக்கும் அப்பெயர் விளங்கிற்று. அதன் பழங்களை நாடிக் குயிலும் மைனாவும் வந்தன.

பின்னர் அப்பழைய கடையிருந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்தது. மரத்தை எவரும் வெட்டவில்லை. வண்டிகள் நிற்பதற்காக அடிமரம்வரை சிமெண்ட் பூசினர், அவ்வளவே. மரத்திற்கு உணவூட்டும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. அவற்றிற்குக் காற்றும் நீரும் வேண்டும். இரண்டும் அடைபட்டதால் மூன்று கோடைக்குள் வேம்பு பட்டுப்போயிற்று.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2002இல் இயற்றப்பட்டு, இன்று தெலங்கானாவிலும் நிலவும் நீர், நிலம், மரச் சட்டம், மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்கிறது. மூச்சடைத்துக் கொல்வதற்கு யாரிடம் அனுமதி கேட்கிறோம்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லியில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரையுள்ள சிமெண்ட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டர்தான் இங்கு கிட்டாமற் போயிற்று.

வேம்பு நின்ற இடத்தில் வளாகத்தார் கோனோகார்ப்பஸ் செடிகளை வரிசையாக நட்டனர். விரைந்து வளரும், எப்போதும் பச்சையாயிருக்கும் என்பதே காரணம். அயல்நாட்டு மரமாகிய அதில் நம் பறவைகளுக்கு உண்ணத்தக்க கனி இல்லை. மகரந்தம் ஒவ்வாமை தரும், வேர்கள் குழாய்களைச் சிதைக்கும் என்ற காரணங்களைக் காட்டிக் குசராத்து அரசு 2023இலும் தமிழ்நாட்டரசு 2025இலும் அதனை நடுவதற்குத் தடை விதித்தன. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. நாற்றுப் பண்ணையில் எளிதாகக் கிடைத்ததை அவர் வாங்கினார். வேறொன்றைக் கேட்கும்படி அவரிடம் சொல்வார் எவருமில்லை. நாமும் சொல்லவில்லை.

அந்த வருத்தத்தாலேயே சென்ற ஆண்டு, நாள்தோறும் காய்கறி வாங்கும் கடையாரிடம் பேசினோம். அவர் வாசலில் ஒரு புங்கமரம், தெலுங்கில் கானுக. அதைச் சுற்றிய சிமெண்ட்டை உடைத்துவிட வேண்டினோம். "ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடம் போகுமே" என்று தயங்கியவர், பின்னர் இசைந்தார். சித்திரையில் புங்கம் தளிர்த்து நிழல் பரப்பிற்று. வாடிக்கையாளர் இப்போது அந்நிழலில் நின்றே பேரம் பேசுகின்றனர்.

நேயர்களே, வாடகைக்கு இருப்பவருக்கும் வாடிக்கையாளருக்கும் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் தெருக் கடைக்காரரிடம் வேம்போ புங்கமோ நடச் சொல்லுங்கள். அதன் அடியில் ஒரு மீட்டர் மண்ணும் கேளுங்கள்.